இகலிலர் எஃகுடையார்

(வாசகர் வட்டம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், மாதந்தோறும் இக்கூடத்துக்கு வந்து நூல்களைப் பற்றி ஓயாமல் வாதாடும் வாசக நண்பர்களுக்கும் என் வணக்கம்.

வாசகர்கள் தமக்குள் இலக்கியம் பேசுவதை ஓய்வுநேர அரட்டை என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அறிஞர் எழுதினால் ஆய்வு, ஆசிரியர் சொன்னால் பாடம், வாசகர் பேசினால் வெறும் பேச்சு என்று நாமே ஒரு வரிசை வகுத்து, அதன் கடைசியில் நம்மை நிறுத்திக்கொண்டிருக்கிறோம். தமிழ்க் கல்வி மரபு அப்படி வகுக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஆசான் உரைத்ததை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குப் புலமையில் கால் பங்குதான் சேரும் என்கிறார். 'அவ்வினையாளரொடு பயில்வகை ஒருகால்' என்று அடுத்த கால் பங்கை உடன் கற்பவர்களோடு பழகிப் பேசுவதற்கு ஒதுக்குகிறார். மிச்சமுள்ள அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது வருகிறது. ஆசிரியரிடம் கேட்பதற்கும் தோழரோடு பேசுவதற்கும் அந்த இலக்கண நூல் ஒரே அளவைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே இந்தக் கூடத்தில் நாம் நடத்துவது, படிப்புக்குப் பின்னால் வரும் ஓய்வு அன்று. படிப்பின் ஒரு பகுதி.

அப்படிப்பட்ட பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதை நாலடியார் ஒரே பாட்டில் சொல்லிவிட்டது.

'தவலருந் தொல்கேள்வித் தன்மை உடையார்
இகலிலர் எஃகுடையார் தம்முட் குழீஇ
நகலின் இனிதாயின் காண்பாம் அகல்வானத்து
உம்பர் உறைவார் பதி.'

வழிவழியாக வந்த கேள்விச் செல்வம் உடையவர்கள், மனத்தில் பகை இல்லாதவர்கள், அறிவில் கூர்மை உள்ளவர்கள், தமக்குள் கூடிப் பேசி மகிழ்வதைக் காட்டிலும் இனியதாக இருக்குமானால், அந்தத் தேவருலகத்தையும் போய்ப் பார்ப்போம் என்கிறார் புலவர். உலக இன்பங்கள் எல்லாம் நில்லாதவை என்று பாட்டுக்குப் பாட்டு எச்சரிக்கும் சமண முனிவர்களின் நூல் அது. அந்த நூலே ஓர் இன்பத்தைச் சொர்க்கத்துக்கு மேலாக வைக்கிறது என்றால், அதை நாம் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தப் பாட்டில் என்னை நெடுங்காலமாக நிறுத்திவைத்திருப்பது அதன் இரண்டாம் அடி. இகல் இருக்கக் கூடாது. எஃகு இருக்க வேண்டும். பகையும் வேண்டாம், மழுங்கலும் வேண்டாம். இவ்விரண்டும் ஒன்றாக அமைவது எவ்வளவு அரிது என்பதை வாசகர் கூட்டங்களில் பழகியவர்கள் அறிவார்கள். நட்பைக் காக்க வேண்டும் என்று கருதுகிற கூட்டத்தில் எல்லா நூலும் நல்ல நூலாகிவிடுகிறது, யார் எதை வாசித்தாலும் கைதட்டல் கிடைக்கிறது, கூர்மை போய்விடுகிறது. கூர்மைதான் முக்கியம் என்று கருதுகிற கூட்டத்திலோ, மூன்றாவது மாதமே இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசாமல் போகிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. வாதம் சூடுபிடிக்கும் நேரத்தில் நூலைத் திறக்க வேண்டும். பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதை விட்டு, இருவரும் சேர்ந்து ஒரு பக்கத்தைப் பார்க்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். அதைச் சில வழக்குகளின் மூலம் விளக்க விரும்புகிறேன்.

தமிழ் வாசகர்கள் மிக நீண்ட காலமாக வாதாடிவரும் வழக்கு ஒன்று உண்டு. வாலியை இராமன் மறைந்து நின்று கொன்றது முறையா என்பது அது. திண்ணையிலும் பள்ளியிலும் திருமண வீட்டிலும் பேசப்பட்ட பொருள். 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கி ஆண்டுதோறும் விழா எடுக்கத் தலைப்பட்ட பின், இராமகாதையின் இத்தகைய வழக்குகள் பட்டிமன்ற மேடையில் ஏறின. இரண்டு அணிகள், நடுவர், மணியடிக்கும் ஏற்பாடு, இறுதியில் தீர்ப்பு என்று அது ஒரு கலையாகவே வளர்ந்தது. குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவராக அமர்ந்த மேடைகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் கம்பன் பாட்டின் பக்கம் அழைத்துவந்தன. அந்த நன்றியை மறக்காமலே ஒன்று சொல்கிறேன். பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு வேண்டும். குறித்த நேரத்தில் வேண்டும். நம்மைப் போன்ற சிறு கூட்டத்துக்குத் தீர்ப்பு வேண்டியதில்லை. கேள்வியை அடுத்த மாதத்துக்கு எடுத்துச் செல்லலாம். கேள்வியே மாறிப் போனாலும் யாரும் தடுக்கப் போவதில்லை. நம்முடைய பெரிய செல்வம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் இதே கூடத்தில் அந்த வழக்கு வந்தது. வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், இராமன் செய்தது சரியே என்று வழக்கமான காரணங்களை அடுக்கினார்: வாலி தம்பியின் மனைவியைக் கவர்ந்தவன், அடைக்கலம் என்று வந்தவனை அடித்தவன், எதிரே நிற்பவரின் வலிமையில் பாதியைப் பெறும் வரம் உடையவன். அப்போது பின்வரிசையில் இருந்த கல்லூரி மாணவி ஒருவர் எழுந்தார். "ஐயா, ஒளிந்து நின்றது ஏன் என்று வாலி கேட்கிறானே, அதற்கு இராமன் பதில் சொல்கிற பாட்டு எது? நான் இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டேன், எனக்குக் கிடைக்கவில்லை" என்றார். ஆசிரியர் உடனே மறுமொழி கூறவில்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேசைமேல் இருந்த வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரைப் பதிப்பில் கிட்கிந்தா காண்டத்தைத் திறந்தார். பக்கம் பக்கமாகத் தள்ளினார். வாலியின் கேள்வி வந்தது: போர்க்களத்தில் எதிர்நின்று எய்யாமல், 'வெவ்விய புளிஞர் என்ன', அதாவது கொடிய வேடர்களைப் போல, மறைந்து நின்று எய்தது ஏன்? அந்தப் பாட்டு முடியும் இடத்தில் ஆசிரியரின் விரல் நின்றது. 'இலக்குவன் இயம்பலுற்றான்' என்று இருந்தது. "ஆமாம் அம்மா, தம்பிதான் பதில் சொல்கிறான்" என்றார்.

அதுவரை இரண்டு கட்சியாக இருந்த கூட்டம் அந்த நொடியில் ஒரே கட்சியாகிவிட்டது. எல்லாரும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டோம். முறையா, முறையன்றா என்ற பழைய கேள்வி பின்னுக்குப் போய், இராமன் ஏன் பேசவில்லை என்ற புதிய கேள்வி முன்னே வந்தது. இந்த இடத்தில் நான் சற்று நின்று பேச அனுமதிக்க வேண்டும். அன்று நாம் கண்டது அவ்வளவு சுவையானது.

வாலி எழுப்பும் கேள்விகள் சாதாரணமானவை அல்ல. மார்பில் அம்பு பாய்ந்து கிடப்பவன், தன்னைக் கொன்றவனின் பெயரை அந்த அம்பிலேயே படித்து அறிகிறான். பிறகு கேட்கிறான்:

'அரக்கர் ஓர் அழிவு செய்து கழிவரேல் அதற்கு வேறு ஓர்
குரக்கினத்து அரசைக் கொல்ல மனுநெறி கூறிற்று உண்டோ?
இரக்கம் எங்கு உகுத்தாய்? என்பால் எப்பிழை கண்டாய்? அப்பா!
பரக்கழி இது நீ பூண்டால் புகழை யார் பரிக்கற் பாலார்?'

ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரைத் தண்டிக்க எந்த நூல் இடம் தருகிறது என்பது சட்டக் கேள்வி. இரக்கத்தை எங்கே சிந்திவிட்டு வந்தாய் என்பது மனிதக் கேள்வி. பழியை நீயே பூண்டுகொண்டால் புகழை இனி யார் சுமப்பார் என்பது, தன் உயிரைக் காட்டிலும் இராமனின் பெயரைப் பற்றிக் கவலைப்படுகிறவனின் கேள்வி. இறந்துகொண்டிருக்கும் ஒருவன் மூன்று படிகளில் இப்படி ஏறுவதைக் கம்பன் நாலடிக்குள் காட்டிவிடுகிறான். இதை உரக்கப் படித்துக் கேட்காமல் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள், 'அப்பா' என்று அங்கே வரும் விளியைத் தவறவிட்டுவிடுவார்கள்.

இதற்கு இராமன் சொல்லும் மறுமொழிகளில் தத்துவம் நிறைந்த பகுதி ஒன்று இருக்கிறது. வால்மீகியில் இராமன் தரும் விடைகளுள், நீ ஒரு விலங்கு, அரசர்கள் விலங்கை மறைந்து நின்றும் வேட்டையாடுவார்கள் என்பதும் ஒன்று. கம்பன் இதை அப்படியே தலைகீழாக மாற்றிவைத்தான். கம்பனில் விலங்கு என்ற வாதத்தை எடுப்பவன் வாலி. உங்கள் குலத்துக்குரிய கற்பு நெறியைப் பிரமன் எங்களுக்கு வகுக்கவில்லை, எங்கள் வழக்கம் வேறு என்கிறான். இராமன் அதை மறுக்கிறான். நீ தேவரின் வழித்தோன்றல், அறநெறியைக் கலக்கமின்றி அறிந்தவன், ஆகவே நீ விலங்கு அல்லன் என்கிறான். ஒருவருக்குரிய அறத்தை அவர் பிறந்த குலம் முடிவுசெய்கிறதா, அவர் பெற்ற அறிவு முடிவுசெய்கிறதா என்பதுதான் அங்கே நடக்கும் வழக்கு. தன்னைத் தாழ்த்திக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறான் வாலி. அவனை உயர்த்திப் பேசிக் குற்றவாளி ஆக்குகிறான் இராமன். இந்த அழகை மேடை வாதத்தில் நான் அதிகம் கேட்டதில்லை.

இவ்வளவு தெளிவாகப் பேசிய இராமன், மறைந்து நின்றது ஏன் என்ற கேள்வி வந்ததும் வாய் திறக்கவில்லை. இலக்குவன் சொல்லும் விடை நமக்குத் தெரியும். உன் தம்பி முன்பே வந்து சரண் புகுந்தான். முறை தவறிய உன்னைக் கொல்வேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். நேரில் வந்தால் நீயும் உயிர்மேல் ஆசை கொண்டு அடைக்கலம் என்று விழுந்துவிடுவாய் என்று எண்ணியே மறைந்து நின்று எய்தார் என்கிறான். இந்த விடை போதுமா என்று அன்று நெடுநேரம் பேசினோம். போதாது என்றார் ஒரு நண்பர். கொல்வதற்காக ஒருவன் சரணடையும் வாய்ப்பையே பறிப்பது எந்த அறம் என்று கேட்டார். போதும் என்றார் மற்றொருவர். ஒரு வாக்கும் இன்னொரு வாக்கும் மோதும் இடத்தில் முதலில் கொடுத்ததைக் காப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். இராமனால் விடை சொல்ல முடியவில்லை, அதனால்தான் கம்பன் அவனைப் பேசவைக்கவில்லை என்று மாணவி சொன்னதை ஆசிரியர் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் வேறொன்றைக் கண்டார். அந்தக் காட்சி முழுவதும் அண்ணன் தம்பிகளின் காட்சி என்றார். தம்பியின் பகையால் ஓர் அண்ணன் மண்ணில் கிடக்கிறான். அவன் எதிரில், தன் அண்ணனுக்காக ஒரு தம்பி முன்வந்து பேசுகிறான். தனக்கு வாய்க்காத ஒன்றை, தான் இழந்த ஒன்றை, வாலி அப்போது கண்ணெதிரே பார்க்கிறான்.

அதன் பிறகு வாலி இராமனிடம் வேண்டும் வரத்தைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 'பூவியல் நறவம் மாந்திப் புந்திவேறு உற்ற போழ்தில் தீவினை இயற்று மேனும்', என் தம்பிமேல் சினந்து, என்மேல் ஏவிய இந்த அம்பு என்னும் கூற்றை அவன்மேல் ஏவிவிடாதே என்கிறான். கொலைக்குக் காரணமான தம்பிக்காகக் கொல்லப்பட்டவன் கேட்கும் வரம் அது. அவன் அஞ்சியபடியே பின்னர் நடக்கிறது. மழைக்காலம் முடிந்தும் சுக்கிரீவன் கள்ளுண்டு களித்துச் சொன்ன சொல்லை மறந்துகிடக்கிறான். இலக்குவன் சினந்து கிட்கிந்தைக்கு வருகிறான். தம்பியின் பலவீனத்தை அண்ணன் எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தான் என்பதை இந்த இரண்டு படலங்களையும் சேர்த்துப் படித்தால்தான் காண முடியும். மறைந்து நின்றதற்கு ஒரு சொல்லும் சொல்லாத இராமன், வாலியின் மகன் அங்கதன் அடி பணிந்தபோது தன் பொன் உடைவாளை அவனிடம் நீட்டுகிறான் என்பதையும் அன்று மாணவிதான் எடுத்துக்காட்டினார். தந்தையைக் கொன்றவன், மகன் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறான். அதை விடையாகக் கொள்ளலாமா என்று கேட்டார். ஆசிரியர் அதற்கு, "இதை நான் யோசித்ததில்லை அம்மா, அடுத்த மாதம் சொல்கிறேன்" என்றார். ஒருவர் தோற்கவும் இல்லை, ஒருவர் வெல்லவும் இல்லை. ஆனால் எல்லாரும் முன்பு அறியாத ஒன்றை அறிந்து வீட்டுக்குப் போனோம்.

இப்படிப் பேசுவதற்கு நமக்கு முன்னோடிகள் உண்டு. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்னும் இலக்கிய நண்பர் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் அரசு அலுவலர்களும் கம்பனைக் கேட்பதற்காகவே அங்கே சென்றார்கள். பேராசிரியர் பட்டம் எதுவும் அந்த வீட்டு வாசலில் கேட்கப்படவில்லை. டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்தால், அதன் தாளமும் உணர்ச்சியும் கேட்பவரின் உள்ளத்தில் இறங்கும் வரை அடுத்த பாட்டுக்குப் போகமாட்டார். திரும்பத் திரும்ப அதே அடியைச் சொல்வார். பாட்டைச் செவியால் படிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். பின்னாளில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோதும் அந்தத் திருக்கூட்டம் அவரைத் தேடிச் சென்றது.

அவர்மேல் எனக்குள்ள மதிப்புக்குக் குறைவில்லாமலே அவரோடு மாறுபடும் இடத்தையும் சொல்ல வேண்டும். தம் உள்ளத்துக்குப் பிடிக்காத பாட்டுகளைக் கம்பன் பாடியவையே அல்ல, யாரோ செருகியவை என்று அவர் ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் திருத்தினார். இடைச்செருகல்கள் கம்பனில் இல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சுவடிகளின் சான்று கொண்டு தீர்மானிக்க வேண்டுமே தவிர, இரசனையை மட்டும் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. எனக்குப் பிடிக்கவில்லை என்பதிலிருந்து இது கவிஞனுடையது அன்று என்பதற்குத் தாவிவிட்டால், நூல் நம்மை மறுத்துப் பேசும் உரிமையை இழந்துவிடுகிறது. வாசகர் கூட்டத்தில் நூலுக்கும் ஓர் இருக்கை உண்டு. அதன் வாயை நாம் அடைத்துவிடக் கூடாது.

நூலைக் கடுமையாக எதிர்த்தவர்களிடமிருந்தும் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டுமா என்பது பற்றிச் சென்னைச் சட்டக் கல்லூரியில் அறிஞர் அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும், பின்னர் சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். அந்த உரைகள் பின்னர் 'தீ பரவட்டும்' என்ற நூலாக வந்தன. கம்பனை ஏற்கவே கூடாது என்று வாதிட்டவரும் கம்பனைப் பாடலோடு எடுத்துக்காட்டும் அளவுக்குப் படித்திருந்தார். இன்று ஒரு நூலின் அட்டையை மட்டும் பார்த்து அதை வெறுப்பவர்களும் போற்றுபவர்களும் அந்த மேடைகளை நினைத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்து, எழுத்தாளரைப் பற்றிய வாதம். யார் பெரியவர், யார் சிறியவர் என்ற பேச்சு எல்லா வாசகர் கூட்டத்திலும் எழும். அது பயனற்றது என்று ஒரேயடியாகத் தள்ள நான் விரும்பவில்லை. 1930களின் நடுவில் தமிழில் எழுந்த மிகப் பெரிய வாதம் அந்த வகையைச் சேர்ந்ததுதான். பாரதி மகாகவியா என்பது கேள்வி. மகாகவியே என்று முழங்கினார் எழுத்தாளர் வ.ரா. கல்கி அதை ஏற்கவில்லை. பாரதி தேசியக் கவி, அதில் ஐயமில்லை. ஆனால் உலக மகாகவிகளின் வரிசையில் வைக்க முடியுமா என்று அவர் தயங்கினார். இருபக்கமும் சொற்கள் சூடேறின. அந்தச் சூட்டிலிருந்து நிலையான ஒன்று பிறந்தது என்றால், அதற்குக் காரணம் எழுத்தாளர்கள் கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும். அவர்கள் வெறும் மறுப்போடு நிற்காமல் பாரதியின் படைப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு, கவிதை என்பது யாது, மகாகவி என்று ஒருவரை எதனால் சொல்கிறோம் என்று ஆராய்ந்து எழுதினார்கள். 1937இல் வெளிவந்த 'கண்ணன் என் கவி' அந்த முயற்சியின் விளைவு. தற்காலத் தமிழ்க் கவிஞர் ஒருவரைப் பற்றிய இலக்கியத் திறனாய்வு என்று சொல்லத்தக்க முதல் நூல்களில் அதுவும் ஒன்று.

வாதத்தின் மறுபக்கத்தில் நின்ற கல்கி என்ன செய்தார் என்பதும் நம் சிந்தனைக்கு உரியது. எட்டயபுரத்தில் பாரதிக்கு நினைவு மண்டபம் எழுப்ப வேண்டும் என்று வாசகர்களிடம் நிதி திரட்டியவர் அவர்தான். 1945இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1947இல் மண்டபம் திறக்கப்பட்டது. ஒரு பட்டத்தைத் தரத் தயங்கியவர், அந்தக் கவிஞனுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். கருத்தில் மாறுபட்டவர் அன்பில் குறைந்தவர் ஆகமாட்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் இலக்கிய வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. இங்கே ஒருவர் தமக்குப் பிடித்த எழுத்தாளரை மறுத்துப் பேசிவிட்டார் என்பதற்காக மனம் வருந்தி வராமல் இருந்துவிடும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுமென்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

எழுதும் முறை பற்றிய வாதத்துக்கு 'எழுத்து' இதழைச் சொல்லலாம். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் அதைத் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துவிட்டு, தேடி வந்து படிக்கும் வாசகனுக்காகவே நடத்தினார். யாப்பு இல்லாமல் கவிதை இருக்க முடியுமா என்ற வாதம் அதன் பக்கங்களில் சூடாக நடந்தது. ந. பிச்சமூர்த்தி முன்பு எழுதிய கவிதை மறுபடி அச்சாக, அதைப் படித்த இளைஞர்கள் எழுதத் தொடங்கினார்கள். சுந்தர ராமசாமி பசுவய்யா என்ற பெயரில் எழுதினார். ஈழத்துத் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு எழுதினார். 1962இல் 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பு வந்தது. வாசகனாகக் கடிதம் எழுதிக்கொண்டு உள்ளே வந்த வெங்கட் சாமிநாதன், தமிழின் கூர்மையான விமர்சகர்களில் ஒருவரானார். வாசகன் எங்கே முடிகிறான், எழுத்தாளன் எங்கே தொடங்குகிறான் என்ற கோடு அந்த இதழில் அழிந்துபோயிருந்தது.

செல்லப்பாவுக்கும் விமர்சகர் க.நா. சுப்ரமண்யத்துக்கும் இடையே நிகழ்ந்த கருத்து மாறுபாடு இன்றும் நம் கூட்டத்தில் உயிரோடு இருக்கிறது. தேர்ந்த வாசகனின் இரசனை நல்லதைத் தானே அறியும், அதைப் பட்டியலிட்டுச் சொன்னால் போதும் என்ற பக்கம் சாய்ந்தவர் க.நா.சு. ஏன் நல்லது என்று படைப்பைப் பிரித்து அலசிக் காட்ட வேண்டும் என்று நின்றவர் செல்லப்பா. க.நா.சு.வின் பட்டியல்களால் எத்தனையோ பேர் நல்ல நூல்களைக் கண்டடைந்தார்கள் என்பது உண்மை. இருந்தாலும் நண்பர்கள் கூடிப் பேசும் இடத்தில் நான் செல்லப்பாவின் பக்கம்தான் நிற்பேன். பட்டியலைக் கொடுத்தால் எதிரே இருப்பவர் அதை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். அதற்கு மேல் பேச்சு நகராது. ஒரு கதையின் இந்தப் பத்தியில், இந்த வாக்கியம் இப்படித் திரும்புவதால் எனக்குப் பிடித்தது என்று சொன்னால், அவரும் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுத் தமக்குத் தோன்றுவதைச் சொல்ல இடம் கிடைக்கிறது.

தத்துவம் பேசும் நாள்களில் நமக்கு இன்னும் பொறுமை வேண்டும். மணிமேகலையில், இந்திர விழாவுக்கு நகரத்தாரை அழைக்கும் முரசறைவோன் சமயவாதிகளுக்கும் ஒன்று சொல்கிறான்: 'ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்.' அடுத்த மூச்சிலேயே, பகைவரே ஆனாலும் அவர்களோடு சினமும் கலகமும் செய்யாமல் அகன்று செல்லுங்கள் என்கிறான். அதே காப்பியத்தில் மணிமேகலை வஞ்சி மாநகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரை ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும், அதாவது சமயக் கொள்கை உரைப்பவரிடமும், சென்று அவரவர் கொள்கையை முழுவதும் கேட்கிறாள். தனக்கு உடன்பாடு இல்லாதவற்றையும் இடைமறிக்காமல் கேட்கிறாள். கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டேன் என்ற பூதவாதியிடம் மட்டும், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். முழுவதும் கேட்டபின் வரும் ஒரே கேள்வி. 'எண்பொருள வாகச் செலச்சொல்லித் தான்பிறர்வாய் நுண்பொருள் காண்ப தறிவு' என்ற குறளில் முதற்பாதியை நாம் எல்லாரும் ஓரளவு பழகியிருக்கிறோம். பிறர் வாயில் நுண்பொருள் காணும் பிற்பாதி கடினமானது. நம் கூட்டங்களில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்கிவிடுவது அதனால்தான்.

எனவே வரும் மாதத்துக்கு ஒரு வேண்டுகோளை வைத்து அமர்கிறேன். யுத்த காண்டத்தில் கும்பகருணன் வதைப் படலத்தை எடுத்துக்கொள்வோம். போர்க்களத்தில் வீடணன் தன் அண்ணனிடம் வந்து, அறத்தின் பக்கம் வந்துவிடு என்று அழைக்கிறான். கும்பகருணன் மறுக்கிறான்.

'நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிதுநாள் வளர்த்துப் பின்னைப்
போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்.'

இராவணன் செய்தது தவறு என்று அவனுக்குத் தெரியும். சீதையை விட்டுவிடு என்று முன்பே இடித்துரைத்தவன் அவன். தெரிந்தும் அந்தப் பக்கமே நின்று சாகப் போகிறான். ஆனால் தம்பியை இராமனிடமே திரும்பிப் போகச் சொல்கிறான். சோற்றுக் கடன் பெரிதா, அறம் பெரிதா என்று இதை வழக்கமாகக் கேட்பார்கள். அந்தக் கேள்வியோடு தொடங்குவோம். அதிலேயே முடிக்க வேண்டியதில்லை. தனக்கு ஓர் அறத்தையும் தம்பிக்கு வேறோர் அறத்தையும் ஒருவனால் எப்படி ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது என்பது என் மனத்தில் இருக்கும் கேள்வி. உங்களுக்கு வேறு கேள்விகள் தோன்றும். வை.மு.கோ. உரையோ, மர்ரே ராஜம் பதிப்போ, வீட்டில் எது இருக்கிறதோ அதைக் கையோடு கொண்டுவாருங்கள். பாடவேறுபாடு இருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கதன் கையில் கொடுத்த வாளைப் பற்றி ஆசிரியர் ஐயா தமக்குத் தோன்றியதை எழுதிவைத்திருக்கிறார். கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் அவருக்கு. வணக்கம்.